டிரேஸ் ஏன் பாதியில் நிற்கிறது? யுடிலிட்டி நெட்வொர்க்கோடு நான்கு வருடம்

மின்விநியோகத் தரவுகளை ஜிஐஎஸ்ஸில் (கணினி வரைபடத்தில்) ஏற்றிப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. கம்பி, சுவிட்ச் எல்லாம் எது எதோடு இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளும் ஆர்க்ஜிஐஎஸ் யுடிலிட்டி நெட்வொர்க்கில் கைவைத்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு பழைய மென்பொருளான ஆர்க்மேப்பில் இதே வேலைக்கு ஜியோமெட்ரிக் நெட்வொர்க். 2018-இல் புதியது வந்தபோது நாங்கள் அவசரப்படவில்லை. 2026 மார்ச்சோடு ஆர்க்மேப்புக்கு ஆதரவு கிடையாது என்று தெரிந்த பிறகுதான் மனதைத் தேற்றிக்கொண்டு மாறினோம். டிரேஸ் என்றால் ஒரு இடத்திலிருந்து இணைப்பு வழியே எதுவரை போகிறது என்று மென்பொருள் தேடிக் காட்டுவது. மாறிய முதல் ஆறு மாதம் எங்கள் அறையில் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கோடு போய்க்கிட்டுதானே இருக்கு, டிரேஸ் ஏன் போகல?"

அந்தக் கேள்விக்கு நான் பட்ட முதல் பெரிய அடியைச் சொல்கிறேன்.

ஒரு 11 கேவி ஃபீடர், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு மின்பாதை. துணைமின் நிலையத்து பிரேக்கரிலிருந்து டவுன்ஸ்ட்ரீம் (மின்சாரம் போகும் திசையில்) டிரேஸ் ஓட்டினால் 41 டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. களப்பட்டியலில் 63. பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளர் ஃபோனில் பிடித்துக்கொண்டார். "சார், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்த ஃபீடர்னு உங்க மேப் சொல்லவே மாட்டேங்குது. ஷட்டவுன் போட்டா நான் யாருக்குன்னு மெசேஜ் அனுப்புறது?"

படத்தில் கோடு பள்ளிக்கூடத்தைத் தாண்டி அழகாகப் போகிறது. கம்பத்துச் சுவிட்சும் கோட்டின் நுனியும் ஒரே புள்ளியில் உட்கார்ந்திருக்கின்றன. எவ்வளவு பெரிதாக்கினாலும் இடைவெளி தெரியவில்லை. கடைசியில் வெர்டெக்ஸ் (கோட்டின் முனை, வளைவுப் புள்ளிகள்) எடிட் செய்யும் பலகத்தைத் திறந்து எண்களைப் பார்த்தேன். எக்ஸ் சரி, ஒய் சரி. உயரத்தைச் சொல்லும் இசட் மட்டும் சுவிட்சுக்கு 14.2, கோட்டுக்கு 0.

சுவிட்சை ஜிபிஎஸ் கருவியோடு தெருவில் நடந்தவர்கள் எடுத்திருந்தார்கள். கோட்டை நாங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்தோம். யுடிலிட்டி நெட்வொர்க்கில் இரண்டு பொருட்கள் தொட்டுக்கொள்ள வேண்டுமானால் உயரமும் பொருந்த வேண்டும். மேலிருந்து பார்க்கும் நமக்கு ஒரே புள்ளி; அதற்கோ ஒன்று தரையில், இன்னொன்று நான்கு மாடி உயரத்தில். பிழைப் பட்டியலிலும் இது வரவில்லை. வரவும் வராது. ஒரு கோடு இங்கே முடிகிறது, அதற்கு மேலே ஒரு சுவிட்ச் சும்மா இருக்கிறது, இதில் என்ன பிழை என்பதுதான் அதன் கணக்கு.

இசட்டைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடியும் 41. தலையில் கைவைத்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, திருத்தினேனே தவிர டோபாலஜியை (எது எதோடு இணைந்திருக்கிறது என்ற கணக்கை) வேலிடேட் செய்து புதுப்பிக்கவில்லை. டிரேஸ் ஓடுவது நாம் பார்க்கும் படத்தின் மேல் அல்ல, கடைசியாக வேலிடேட் ஆன டோபாலஜியின் மேல். அதுவரை நம் திருத்தம் வெறும் டர்ட்டி ஏரியா, கணக்கில் ஏறாத இடம். வழக்கமாக டிரேஸ் அப்படியொரு இடத்தில் முட்டினால் எச்சரித்து நின்றுவிடும். அந்த எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறதென்று 'வேலிடேட் கன்சிஸ்டென்சி' டிக்கை எடுத்து வைத்திருந்த புண்ணியவான் நான்தான். வேலிடேட் செய்ததும் 58.

மீதி ஐந்து? கனெக்டட் டிரேஸை (திசை பார்க்காமல் தொட்டிருப்பதையெல்லாம் தேடுவது) நிபந்தனைத் தடை எதுவும் போடாமல் ஓட்டினால் அந்த ஐந்தும் வந்தன, டவுன்ஸ்ட்ரீமில் வரவில்லை. அப்படியானால் கம்பி தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஏதோ ஒரு பண்புதான் மறிக்கிறது. தேடினால், இடையில் ஒரு ஸ்பான் (இரண்டு கம்பத்துக்கு நடுவிலுள்ள கம்பி) லைஃப்சைக்கிள் ஸ்டேட்டஸில் இன்னும் 'ப்ரொப்போஸ்டு'. கம்பி இழுத்து கரண்ட் விட்டு எத்தனையோ மாதம் ஆகியும் எங்கள் தரவில் அது திட்ட நிலையிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து என் முறை இதுதான். டிரேஸ் நின்றால் முதலில் கனெக்டட் டிரேஸ். அது தாண்டிப் போனால் வடிவத்தை நோண்டாதீர்கள். ஸ்டேட்டஸ், ஃபேஸ், சுவிட்ச் நிலை, டெர்மினல் (கருவியில் கம்பி மாட்டும் பக்கம்) இவற்றைப் பாருங்கள். அதுவும் நின்றால் தொடாத நுனி, நடுக்கோட்டில் வெர்டெக்ஸ் இல்லாத டேப் (கிளைக் கம்பி), அல்லது எது எதோடு சேரலாம் என்ற நெட்வொர்க் ரூல் விட்டுப்போன இடம். எங்கே என்று கண்டுபிடிக்க, காணாமல் போன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எதிர்ப்பக்கமாக இன்னொரு கனெக்டட் டிரேஸ் ஓட்டுவேன். சுரங்கம் இரண்டு பக்கமும் தோண்டி வருவது மாதிரி. இரண்டு செலெக்‌ஷனும் எந்த இடத்தில் முட்டாமல் நிற்கிறதோ அங்கேதான் உடைசல். முன்பு அரை நாள் எடுத்தது இப்போது பெரும்பாலும் டீ ஆறுவதற்குள் முடிகிறது.

டெர்மினல் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. புதிதாக வந்த பையன் ஒருநாள் "அண்ணா, சப்நெட்வொர்க் டிரேஸ்ல பிரேக்கர் மட்டும்தான் செலெக்ட் ஆகுது" என்று வந்து நின்றான். ஒரே ஒரு ஃபீச்சர் மட்டும் வந்தால் எனக்கு முதலில் டெர்மினல் மேல்தான் சந்தேகம் வரும். சப்நெட்வொர்க் என்பது இங்கே ஒரு முழு ஃபீடர். அதன் தொடக்கமாகக் குறித்த சப்நெட்வொர்க் கன்ட்ரோலர் பிரேக்கரின் லோடு (மின்சாரம் வெளியே போகும்) பக்கத்து டெர்மினலில் இருந்தது. ஃபீடர் கோட்டை அவன் சோர்ஸ் பக்கத்தில் மாட்டியிருந்தான். லோடு பக்கத்திலிருந்து புறப்பட்ட டிரேஸுக்குப் போக வழியே இல்லை. 'மாடிஃபை டெர்மினல் கனெக்‌ஷன்ஸ்' பலகத்தில் பக்கத்தை மாற்றி, வேலிடேட் செய்து, சப்நெட்வொர்க்கை அப்டேட் செய்ததும் சரியானது. இது ஆர்க்மேப்பில் வந்தவர்களுக்கு ரொம்பப் புதுசு. அங்கே புள்ளி என்றால் புள்ளி. இங்கே புள்ளிக்கு உள்ளே வாசல்கள் இருக்கின்றன.

மொத்தத்தில் பழையதற்குத் திரும்புவேனா என்றால், மாட்டேன். கற்றுக்கொள்ள நாளாகும், சிறிய அணி என்றால் இன்னும் நாளாகும். ஆனால் பழையதில் கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் இது நின்று கேட்கிறது. எங்கள் தரவு எவ்வளவு மோசம் என்பதே மாறிய பிறகுதான் தெரிந்தது.

இன்னும் தீராத ஒன்று ஏபி சுவிட்ச், கம்பத்தில் கையால் திறந்து மூடும் சுவிட்ச். காற்றடித்து ஒரு பக்கம் கம்பி அறுந்தால் லைன்மேன் ஒரு சுவிட்சைத் திறந்து, அடுத்த ஃபீடரோடு சேரும் சுவிட்சை மூடி சப்ளை கொடுத்துவிடுவார். தரவில் இரண்டும் பழைய நிலையிலேயே இருக்கும். டிரேஸ் தரவுப்படி சரி, கம்பத்துப்படி தப்பு. இதை எந்த வேலிடேஷனும் பிடிக்காது. லைன்மேன்கள் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். யாராவது சுவிட்ச் ஃபோட்டோ போட்டால் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன். போடாத நாளில் உதவிப் பொறியாளர் ஃபோன் செய்கிறார்.