பழைய நெட்புக்கில் லினக்ஸ்: லுபுண்டுவா, ஆன்டிஎக்ஸா, எம்எக்ஸா?

2010இல் வாங்கிய பத்து அங்குல நெட்புக் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. இன்டெல் ஆட்டம் என்455 செயலி, 1024×600 திரை, ஒரு ஜிபி ரேம். அதனுடன் வந்த விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஊரில் இருக்கும் அப்பாவுக்குத் தமிழில் தட்டச்சு செய்யவும் நாளிதழ் படிக்கவும் ஒரு கணினி தேவைப்பட்டது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். அதுவரை அதைத் தொட்டறியாத நான், அதன் வகைகளான லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், எம்எக்ஸ் மூன்றையும் மாற்றி மாற்றி நிறுவிப் பார்த்து, கடைசியில் எம்எக்ஸ் லினக்ஸ் 23இல் நிலைத்தேன்.

எதையும் தரவிறக்குவதற்கு முன் செயலியின் பெயரைப் பாருங்கள். என்270, என்280 ஆகியவை 32 பிட் மென்பொருளை மட்டுமே இயக்கும். 2019 ஏப்ரலில் வந்த 19.04 முதல் லுபுண்டு 64 பிட் மட்டுமே என்பதால் அவற்றில் ஓடாது. என்450, என்455 இரண்டும் 64 பிட்டை ஏற்கும். என்2600, என்2800 வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: அவற்றின் கிராபிக்ஸ் பகுதிக்கு லினக்ஸில் சரியான டிரைவர் கிடையாது. நான் ரேமை அந்தச் செயலி ஏற்கும் உச்சமான 2 ஜிபிக்கு உயர்த்தி, பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டேன். எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள்.

நிறுவும் வேலையில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வென்டாய் என்ற மென்பொருள் போட்ட ஒரே பென் டிரைவில் மூன்றையும் வைத்து, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை வேலை செய்கிறதா என்பதை அப்போதே சோதித்துவிட வேண்டும். வேலை செய்யாவிட்டால், தொலைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து இணையம் பெறலாம்.

பலரும் முதலில் சொல்வது லினக்ஸ் மின்ட். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஆனால் அது 1024×768 திரையை எதிர்பார்க்கிறது. 600 வரித் திரையில் சில சாளரங்களின் 'சரி' பொத்தான் கீழே மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தை மேலே இழுக்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லுபுண்டு 24.04 பார்வைக்கு நன்றாக இருந்தது. விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. ஆன்டிஎக்ஸ்தான் மூன்றிலும் இலகுவானது: தொடங்கியதும் சுமார் 200 எம்பி ரேமில் அடங்கிவிட்டது. எம்எக்ஸ் ஏறத்தாழ 600 எம்பி எடுத்தது. ஒரே ஜிபி ரேம் உள்ளவர்களுக்கும், 32 பிட் செயலி உள்ளவர்களுக்கும் ஆன்டிஎக்ஸைத்தான் சொல்வேன். பத்து நாட்களே அதைப் பயன்படுத்தினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பட்டிகளும் அமைப்புகளும் பல இடங்களில் சிதறிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. நீண்ட நாள் பழகியவருக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கணினி இருப்பது ஊரில். நான் போவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இணையம் அப்பாவின் தொலைபேசியிலிருந்து, நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. லுபுண்டுவில் பயர்பாக்ஸ் உலாவி, ஸ்னாப் என்ற மென்பொருள் பொதி முறையில் வருகிறது. ஸ்னாப் தன் போக்கில் நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பின்னணியிலேயே இறக்கிக்கொள்ளும். நிறுத்திவைக்கக் கட்டளை உண்டு. ஆனால் இதற்காகக் கட்டளை தேட வேண்டியிருப்பதே என் போன்ற புதியவருக்குச் சுமை. ஒரே கரு (கோர்) உள்ள செயலியில், அப்பா கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது பின்னால் ஒரு வேலை ஓடினால் எழுத்து திரைக்கு வரத் தாமதமாகும். அவரோ தன் விரல்மேல்தான் பிழை என்று நினைப்பார்.

எம்எக்ஸ் 23, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 12ஆம் பதிப்பின் மேல் அமைந்தது. டெபியனின் நிலைப் பதிப்பில் மென்பொருள்கள் அடிக்கடி மாறுவதில்லை. வருபவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள். புதுப்பிப்பு வந்தால் பட்டையில் ஒரு சின்னம் நிறம் மாறும், அவ்வளவுதான். எதையும் அதுவாக இறக்குவதில்லை. நான் ஊருக்குப் போகும் நாளில் என் தொலைபேசி இணையத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். இரண்டு மாதத் தாமதம் உலாவிக்கு நல்லதல்ல என்று தெரியும். அதனால் பயர்பாக்ஸை மட்டும் இடையில் புதுப்பிக்க அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட் என்ற கருவி. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை, அப்பாவின் அமைப்புகள், தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை எல்லாவற்றோடும் ஒரே கோப்பாக்கித் தருகிறது. அதைப் பென் டிரைவில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி பழுதானால் புதியதை வாங்கி அப்படியே திரும்ப நிறுவலாம். எம்எக்ஸும் ஆன்டிஎக்ஸும் உறவுக்காரத் திட்டங்கள் என்பதால் இதே வசதி ஆன்டிஎக்ஸிலும் உண்டு.

எக்ஸ்எப்சிஇ என்ற திரைமுகப்புடன் வரும் எம்எக்ஸ் பதிப்பில் பணிப்பட்டை இடது ஓரத்தில் நெடுக்காக நிற்கிறது. முதல் நாள் விநோதமாகத் தெரிந்தது. 600 வரித் திரையில் உயரம் எவ்வளவு அரியது என்று ஒரு நாளிதழைத் திறந்ததும் புரிந்தது. இப்போது என் அலுவலகக் கணினியிலும் பட்டையை இடப்பக்கம் மாற்றிவிட்டேன்.

எதைப் போட்டாலும் உலாவியில் மூன்று தாவல்களுக்கு மேல் திறக்க வேண்டாம். யூடியூபில் 360பி தாண்டினால் படம் திக்கித் திணறும். அது செயலியின் எல்லை.

எம்எக்ஸில் ஒரு குறையும் உண்டு. பெரிய பதிப்பு மாறும்போது புதிதாக நிறுவுவதே அங்கு வழக்கம். லுபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு அப்படியே ஏறிக்கொள்ளலாம். டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருப்பதால் அதுவரை எனக்கு அந்த வேலை இல்லை. அப்போது அப்பாவின் கடிதங்கள் இடம் மாறாமல் இருக்க, பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியை எஸ்எஸ்டியில் இப்போதே தனிப் பிரிவாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.