பட்டறையா, ஆன்லைனா?
கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லூரி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்கள் ரூட்டிங் (டேட்டா எந்த வழியில் போக வேண்டும் என்று அமைப்பது) படிக்க எங்கே போவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு ஐபி முகவரிகளைப் பங்கிடும் ஏப்நிக் அமைப்பின் ஆன்லைன் அகாடமி இலவசம், மெய்நிகர் லேப் உண்டு, பாலக்காடு பஸ்ஸில் உட்கார்ந்தே பாடம் பார்க்கலாம். சரி, ஆனால் 2003-இல் காட்மாண்டுவில் தொடங்கிய தெற்காசிய நெட்வொர்க் குழுவான சானாக் நடத்தும் பட்டறை வேறு ரகம்: நேபாளம், வங்கதேசம், பூட்டான் ஆட்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) போட்டு, பக்கத்துக் குழு தப்பான ஐபி முகவரிகளை அறிவித்ததும் நம் டிராஃபிக் அங்கே ஓடிப்போவதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் தப்பான அறிவிப்பைத் தடுக்கும் ஃபில்டர் எதற்கென்று மண்டையில் ஏறும், அப்புறம் ராத்திரி லிங்க் விழுந்தால் கேட்க நாலு பேர் கிடைப்பார்கள். செலவுதான் இடிக்கும்; ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். ஐபி முகவரிகளைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கிலேயே தடுமாறுகிறவர் முதலில் அகாடமியை முடிக்கட்டும், மற்றவர்களுக்கு என் ஓட்டு பட்டறைக்கே.