கோபால்ட் ஷீட்டும் கோலிமேட்டரும்: பினாங்கிலிருந்து ஓர் அனுபவம்

நோயாளியின் உடலிலிருந்து வரும் காமா கதிரைப் படமாக்கும் காமா கேமரா என்றால் எல்லாரும் கதிரை ஒளியாக மாற்றும் கிரிஸ்டலையும் சாஃப்ட்வேரையும் பற்றித்தான் பேசுவார்கள். முன்னால் மாட்டியிருக்கும் ஈயக் கோலிமேட்டரை (சரியான திசையில் வரும் கதிரை மட்டும் உள்ளே விடும், துளைகள் நிறைந்த தகடு) யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பினாங்கில் அணுமருத்துவப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். கோலிமேட்டரைச் சோதிக்க நாங்கள் பயன்படுத்தும் கோபால்ட்-57 ஷீட் (கதிரியக்கக் கோபால்ட்டைச் சீராகப் பரப்பிய தட்டு) பற்றி என் அனுபவத்தை எழுதுகிறேன்.

இந்த ஷீட் வருவதற்கு முன்பு தண்ணீர் நிரப்பும் தொட்டிதான். நோயாளிகளுக்குச் செலுத்தும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியத்தை ஊசியில் எடுத்து உள்ளே விட்டு, நன்றாகக் கலக்கி, காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழ் தங்கினாலும் படத்தில் குளிர்ப்புள்ளி (கதிர் குறைந்த மங்கல் இடம்) விழும். சரியாகக் கலக்காவிட்டால் ஒரு பக்கம் பிரகாசமாகத் தெரியும். அத்தனையும் செய்பவர் கைக்கும் கதிர் படும். கோபால்ட் ஷீட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஈயப் பெட்டியிலிருந்து எடுத்து டிடெக்டர் மேல் வைத்தால் போதும். காலையில் முதல் நோயாளி வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அதற்கும் குணம் உண்டு. கோபால்ட்-57 தரும் கதிரின் ஆற்றல் 122 கிலோ எலக்ட்ரான்வோல்ட், டெக்னீசியத்தினுடையது 140. கேமரா ஏற்கும் ஆற்றல் எல்லையான விண்டோவை மாற்றாமல் எடுத்தால், கிரிஸ்டலின் ஒளியை மின்குறியாக மாற்றும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய்கள் வட்டம் வட்டமாகப் படத்தில் தெரியும். புதிதாக வந்த ஷீட்டில் கோபால்ட்-56, 58 கலப்படமும் கொஞ்சம் இருக்கும். அவற்றின் வலிமையான கதிர்கள் மெல்லிய ஈயச் சுவர்களைத் துளைத்து வந்து, நல்ல கோலிமேட்டரையே கெட்டது போலக் காட்டும். அவற்றின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) எழுபது, எண்பது நாட்களுக்குள்தான். அதனால் புது ஷீட் வந்ததும் பழையதைத் தூக்கிவிட மாட்டோம். புதியதைச் சில மாதம் பெட்டியிலேயே விட்டு வைப்போம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதை வைத்துக் குறையைக் கண்டுபிடிக்கும் விதம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஷீட்டை வைத்து எடுக்கும் ஃப்ளட் படத்தின் ஓரத்தில் நகத்தளவு மங்கல் ஒன்று வந்தது. ஷீட்டை 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி எடுத்தோம். மங்கல் அதே இடத்தில்தான் இருந்தது, ஆக ஷீட் மேல் தப்பில்லை. அப்புறம் கோலிமேட்டரைக் கழற்றிவிட்டு, தூரத்தில் டெக்னீசியப் புள்ளி ஒன்றை வைத்து எடுத்தோம். படம் சுத்தமாக வந்தது. கிரிஸ்டலும் நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சம் கோலிமேட்டர்தான். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, மேல் தகட்டில் மெல்லிய அமுங்கல். உள்ளே துளைச் சுவர்கள் மடங்கியிருந்தன. குறைந்த ஆற்றல் கதிருக்கான, நுணுக்கமான படம் தரும் லோ எனர்ஜி ஹை ரெசொல்யூஷன் கோலிமேட்டரில் அந்தச் சுவர்களின் தடிமன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். ஏதோ ஒன்று விழுந்தாலே போதும். அன்றிலிருந்து கேமரா அறைக்குள் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொண்டு வர யாரையும் விடுவதில்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: “அக்கா, யூனிஃபார்மிட்டி நம்பர் பாஸ் ஆயிடுச்சே, படத்தை வேற எதுக்குப் பார்க்கணும்?” படம் எவ்வளவு சீராக இருக்கிறது என்று சொல்லும் அந்த நம்பரைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும் முன் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சமன்செய்கிறது. மெல்லிய கோடு ஒன்று அதில் கரைந்துபோகலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும். நோயாளியைச் சுற்றிவந்து முப்பரிமாணப் படம் எடுக்கும் ஸ்பெக்டில் கேமரா சுற்றும்போது அதே கோடு வளையமாக மாறி இதயப் படத்தில் உட்கார்ந்துவிடும். கெடாவிலிருந்து பாலம் கடந்து வருகிற ஒரு பெரியவருக்கு, இல்லாத அடைப்பை இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாது அல்லவா?

தினசரிச் சோதனைக்குச் சில மில்லியன் கவுன்ட் (கேமரா பதிவுசெய்யும் கதிர்களின் எண்ணிக்கை) போதும். ஸ்பெக்ட் படத்தின் சீரின்மையைச் சரிசெய்யும் திருத்த வரைபடத்துக்குப் போதாது. ஒரு பிக்சலுக்குப் பத்தாயிரம் கவுன்ட் இருந்தால்தான் இரைச்சல் 1 சதவிகிதத்துக்கு இறங்கும். 64க்கு 64 மேட்ரிக்ஸில் கணக்குப் போட்டால் மொத்தம் மூன்று, நான்கு கோடி வருகிறது. கேமரா சுற்றும் மைய அச்சான சென்டர் ஆஃப் ரொட்டேஷனையும் ஒவ்வொரு கோலிமேட்டருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு எடுத்ததை இன்னொன்றுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஹை எனர்ஜி கோலிமேட்டரின் எடையே வேறு, துளைகளின் கோணமும் வேறு.

ஷீட்டின் பெரிய குறை விலையும் ஆயுளும். அரை ஆயுள் 272 நாள். இரண்டு வருடத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். காலைச் சோதனை நீண்டுகொண்டே போகும், வெளியே நோயாளிகள் காத்திருப்பார்கள். இறக்குமதிக்கு அணுசக்தி உரிமச் சட்டம் 304இன் கீழ் அனுமதி வேண்டும், அதனால் முன்கூட்டியே ஆர்டர் கொடுங்கள். பழைய ஷீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதை வாங்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.