எஞ்சினா, பேட்டரியா: தண்ணிக்கடியில் எது எம்டன்?

காசிமேட்டில் நான் அடிக்கடி போய் உட்காரும் லேத் பட்டறையில் எப்போதும் ஏதாவது ஒரு லாஞ்சின் புரொப்பெல்லர் சாஃப்ட் கழன்று வந்து கிடக்கும். போன மாதம் அங்கே ஒரு வாக்குவாதம். ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒருவர், எண்ணெய்ச் செலவு தாங்கவில்லை, பேட்டரி மோட்டார் மாட்டிவிடலாமா என்று கேட்டார். பட்டறை அண்ணன் லேத்தை விட்டு நிமிரவே இல்லை. "பேட்டரி சத்தம் போடாது, பொக கக்காது, எல்லாம் சரி. நடுக்கடல்ல நின்னுச்சுன்னா இன்னா பண்ணுவ?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "கப்பலை அடிக்க தண்ணிக்கடியில விடுறாங்களே டார்பிடோ, அதைச் செய்யறவங்களுக்குள்ள இதே சண்டை நூறு வருஷமா நடக்குதுண்ணே" என்று வாயைக் கொடுத்தேன். டீ குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அங்கே சொன்னதும், வீட்டுக்கு வந்தபிறகு 'இதைச் சொல்லாமல் விட்டோமே' என்று தோன்றியதும் சேர்ந்ததுதான் இது.

முதலில் எம்டன் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். வடசென்னையில் டார்பிடோ என்று சொன்னால் யாராவது எம்டனை இழுக்காமல் விடமாட்டார்கள், அன்றும் இழுத்தார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன், பலர் நினைப்பது போல நீர்மூழ்கி இல்லை. கடல்மேல் ஓடிய குரூஸர் கப்பல். இங்கே சுட்டது பீரங்கியால். டேங்க் இருந்தது கரையில், டார்பிடோவோ கரையேறாத சாமான். ஆனால் எம்டனிடம் டார்பிடோவும் இருந்தது. அடுத்த மாதம் 28ஆம் தேதி பினாங்கு துறைமுகத்தில் நின்றிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை அதைக்கொண்டுதான் மூழ்கடித்தது. நமக்கு மிஞ்சியது 'அவன் பெரிய எம்டன்பா' என்ற பேச்சு.

சரி, சண்டைக்கு வருவோம்.

டார்பிடோவைக் குண்டு என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. தலையில் வெடிமருந்தைச் சுமந்துகொண்டு ஆள் இல்லாமல் நீந்திப் போகும் குட்டிப் படகு அது. படகென்றால் அதை எது ஓட்டுகிறது என்பதுதான் முதல் கேள்வி. 1866இல் ஃபியூமேயில் (இன்று குரோவேஷியாவின் ரியேக்கா) ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் செய்த முதல் டார்பிடோவை ஓட்டியது வெறும் காற்று. பஞ்சர் கடை கம்ப்ரஸர் போல காற்றை அழுத்தி அடைத்து, அதைத் திறந்துவிட்டு எஞ்சினைச் சுற்றவைத்தார். ஆமை வேகம்தான்.

அதற்குப் போட்டியாக அமெரிக்காவில் ஹோவெல் என்ற கடற்படை அதிகாரி ஒன்றைச் செய்தார். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். காற்றும் இல்லை, நெருப்பும் இல்லை. உள்ளே சுமார் 60 கிலோ எடையில் ஒரு இரும்புச் சக்கரம். கப்பலில் இருக்கும் நீராவி டர்பைனால் அதை நிமிஷத்துக்கு 10,000 சுற்று வரை ஏற்றிவிட்டுக் கடலில் தள்ளிவிடுவார்கள். அந்தச் சுழற்சியே புரொப்பெல்லரை ஓட்டும். பம்பரம் சுற்றும்போது சாயாமல் நிற்பதுபோல, திசையும் தானாகவே மாறாமல் இருக்கும். குமிழி கிடையாது, தடம் கிடையாது. ஆனால் போகும் தூரம் 400 கஜத்துக்குள். 1890களில் ஒயிட்ஹெட் கோஷ்டி அந்தப் பம்பரத் தத்துவத்தை மட்டும் எடுத்து, ஒரு சின்ன ஜைரோஸ்கோப்பாகத் தங்கள் டார்பிடோவில் வைத்துக்கொண்டது. அதோடு ஹோவெல் கதை முடிந்தது. 2013இல் அமெரிக்கக் கடற்படை பழக்கிய டால்பின்கள் சான் டியேகோ பக்கம் கடலடியில் ஒன்றைக் கண்டுபிடித்தன. இதைச் சொன்னதும் அண்ணன் முதல்முறையாக லேத்தை நிறுத்தினார். "டால்பினுக்கு சம்பளம் உண்டா?"

காற்று எஞ்சினுக்கு ஒரு வியாதி. சைக்கிள் டியூப் காற்றை இறக்கும்போது வால்வு ஜில்லென்று ஆகுமே, அதேதான். அழுத்திய காற்று விரியும்போது குளிரும், குளிர்ந்தால் சக்தி குறையும். அதற்கு 1900களில் வந்த மருந்து, அந்தக் காற்றிலேயே எண்ணெயை எரித்து, தண்ணீரைத் தெளித்து, நீராவியும் சூடான வாயுவுமாக எஞ்சினுக்கு அனுப்புவது. வேகமும் தூரமும் எகிறின. கூடவே வந்தது புகைச்சல். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். அது எரியவும் எரியாது, கடல்நீரில் லேசில் கரையவும் கரையாது. அதனால் டார்பிடோவுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு குமிழிக்கோடு. கப்பல் தளத்தில் நிற்பவன் கோட்டைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். சுட்ட நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்றும் அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

நைட்ரஜன்தானே தொல்லை, அதை எடுத்துவிட்டால்? ஜப்பான்காரர்கள் எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய டைப் 93இல் காற்றுக்குப் பதில் சுத்த ஆக்ஸிஜன். வெடிமருந்தே 490 கிலோ, ஏறக்குறைய 50 நாட் வேகத்தில் 20 கிலோமீட்டர் போகும். (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) தடமும் அவ்வளவாகத் தெரியாது. இரண்டாம் உலகப்போரில் அதற்கு ஈடாக எதிர்த்தரப்பிடம் எதுவும் இல்லை. ஆனால் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெல்டிங் செய்பவர்களைக் கேளுங்கள், எண்ணெய்க் கையோடு அதைத் தொடவே விடமாட்டார்கள். வேறு சிலர் ஆக்ஸிஜனுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்ஸைடை நம்பினார்கள். 1955இல் சைடன் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக்குள் அப்படிப்பட்ட டார்பிடோ துறைமுகத்திலேயே வெடித்து 13 பேர் போனார்கள். பிரிட்டன் அதைக் கைவிட்டது. ரஷ்யா விடவில்லை. 2000 ஆகஸ்டில் குர்ஸ்க் என்ற நீர்மூழ்கியில் அதே பெராக்ஸைடு டார்பிடோ, 118 உயிர்.

இந்த இடத்தில் பேட்டரிக் கட்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும். ஜெர்மானியர்கள் ஒரே நீளம், ஒரே பருமனில் இரண்டையும் வைத்திருந்ததால் ஒப்பிடுவது சுலபம். எரித்து ஓடும் ஜி7ஏ 44 நாட்டில் 6 கிலோமீட்டர் போகும். மெதுவாக 30 நாட்டில் விட்டால் 12 கிலோமீட்டருக்கும் மேல். பேட்டரியில் ஓடும் ஜி7இ 30 நாட், 5 கிலோமீட்டர், அவ்வளவுதான். அதுவும் பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கி வைத்தால்தான். அடிக்கடி ஏவும் குழாயிலிருந்து வெளியே இழுத்து சார்ஜ் பார்க்க வேண்டிய தலைவலி வேறு. ஆனால் கடல்மேல் ஒரு கோடு விழாது. அமெரிக்கர்கள் கையில் சிக்கிய ஜி7இயைப் பார்த்து மார்க் 18 செய்தார்கள். அவர்களுடைய எரிபொருள் டார்பிடோ மார்க் 14 போன வேகம் 46 நாட். மார்க் 18க்கு 29. எதிரி பார்க்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக நீர்மூழ்கிக்காரர்கள் அதை எடுத்துப் போனார்கள். 1944 அக்டோபரில் டாங் என்ற அமெரிக்க நீர்மூழ்கி விட்ட கடைசி மார்க் 18 வட்டமடித்துத் திரும்பி டாங்கையே தாக்கியது. 87 பேரில் 78 பேர் இறந்தார்கள். அது பேட்டரியின் குற்றமில்லை, திசை மாறிப்போன கோளாறு. ஆனால் பட்டறையில் இதைச் சொன்னதும் பேட்டரி மேல் இருந்த மதிப்பு பாதியாகிவிட்டது.

வேகம், தடம் என்று பேசிக்கொண்டிருந்தால் இன்றுவரை முடிவு வராது. என் கணக்கில் தீர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எஞ்சின் மூச்சு விட வேண்டும். ஒரு டிரம் தண்ணீரில் ரப்பர் டியூபை விட்டு ஊதிப் பாருங்கள். மேல்மட்டத்தில் சுலபம், அடிவரை விட்டு ஊதினால் கன்னம் வலிக்கும். டிரம்முக்கே அப்படி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 300 மீட்டர் ஆழத்தில் எரிந்த வாயுவை வெளியே தள்ள 30 மடங்குக்கும் மேலான அழுத்தத்தை எஞ்சின் எதிர்த்து நிற்க வேண்டும். சக்தியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். இன்றைய நீர்மூழ்கிகள் ஒளிந்துகொள்வது அந்த ஆழத்தில்தான். பேட்டரிக்கு 3 மீட்டரும் ஒன்று, 300 மீட்டரும் ஒன்று. மூச்சே விடாதவனுக்கு எந்த ஆழமானால் என்ன? எண்ணெய் எரிய எரிய எஞ்சின் டார்பிடோவின் எடை குறைந்து சமநிலையும் மாறும். பேட்டரி கிளம்பின எடையிலேயே போய்ச் சேரும்.

எஞ்சின் கட்சியும் சும்மா இல்லை. 1960களில் அமெரிக்கர்கள் ஆட்டோ ஃபியூவல் என்ற திரவத்தைக் கொண்டுவந்தார்கள். நம்ம ஊர் ஆட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது கண்டுபிடித்தவரின் பெயர். செந்நிறத்தில் எண்ணெய் மாதிரி இருக்கும். எரிய ஆக்ஸிஜன் தனியாகத் தேவையில்லை, திரவத்திலேயே இருக்கிறது. மார்க் 46, மார்க் 48 எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. முகர்ந்தால் தலைவலி, எரிந்த புகையில் சயனைடு வாயு. பயிற்சிக்கு விட்டுத் திரும்பி வந்ததைப் பிரித்துக் கழுவுவது லேசான வேலை இல்லை. ஆனால் கழுவி, திரவத்தை ஊற்றினால் மறுபடி விடலாம். பேட்டரியில் இந்த வசதி குறைவு. பிரிட்டனின் ஸ்டிங்ரேயில் இருப்பது மக்னீசியமும் சில்வர் குளோரைடும். கடல்நீர் உள்ளே புகுந்ததும்தான் அது உயிர்பெறும். அதுவரை வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் கெடாது. ஆனால் ஒரே ஓட்டம், அத்தனை வெள்ளியும் போச்சு.

மூச்சு விடாத எஞ்சின் ஒன்றும் வந்தது. அமெரிக்காவின் மார்க் 50இல் லித்தியத்தின் மேல் ஒரு வாயுவைப் பீச்சி, அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுற்றி, அதே நீராவியைக் குளிரவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வெளியே தள்ள எதுவும் இல்லை. எஞ்சினின் பலம், பேட்டரியின் குணம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! விலைதான் கட்டுப்படியாகவில்லை. அடுத்து வந்த மார்க் 54இல் பழைய மார்க் 46இன் எஞ்சினையே மாட்டி, மார்க் 50இலிருந்து எதிரியைத் தேடும் சோனாரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பழைய வண்டியில் புது ஹெட்லைட் போடும் நம்ம மெக்கானிக் புத்திதான்.

தன்னைச் சுற்றி வாயுக்குமிழியை உண்டாக்கி, அதற்குள் ராக்கெட்டாகப் பாயும் ரஷ்யாவின் ஷ்க்வால் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. 200 நாட். அந்தச் சத்தத்தில் அதற்கே எதுவும் காதில் விழாது, இலக்கைத் தேடித் திரும்பவும் தெரியாது. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

ஆனால் ஆழத்தை மட்டும் வைத்து, பேட்டரிதான் ஜெயித்தது என்று கோப்பையைக் கொடுத்துவிட முடியாது. ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய சண்டையில், 1982 மே 2ஆம் தேதி பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கி கான்கரரிடம் கம்பி வழியாக வழிகாட்டக்கூடிய டைகர்ஃபிஷ் என்ற பேட்டரி டார்பிடோவும் இருந்தது, 1920களில் வடிவமைத்த எரிபொருள் டார்பிடோ மார்க் 8உம் இருந்தது. அர்ஜென்டினாவின் பெல்கிரானோ என்ற போர்க்கப்பலை அடிக்கக் கேப்டன் எடுத்தது கிழட்டு மார்க் 8ஐ. அதில் வெடிமருந்து அதிகம், டைகர்ஃபிஷ் மேல் நம்பிக்கை குறைவு. மூன்று விட்டார், இரண்டு பட்டன. 323 பேர் இறந்தார்கள். அடிக்கவேண்டிய கப்பல் கடல்மேல் இருந்தது, டார்பிடோ ஆழம் போக வேண்டிய அவசியமே இல்லை. அங்கே எஞ்சின் தாராளமாக மூச்சு விடலாம்.

நம் நாட்டில் விசாகப்பட்டினத்து என்.எஸ்.டி.எல். என்ற கடற்படை ஆயுத ஆய்வகம் செய்து கடற்படைக்குப் போன இந்த இரண்டு டார்பிடோவுமே மின்சாரம்தான். 2012இல் சேர்ந்த சின்னது சியேனா, 33 நாட். 2016இல் கடற்படைக்குக் கொடுத்த வருணாஸ்திரா ஒன்றரை டன், 40 நாட். ஒரு காலத்தில் 30 நாட்டில் தடுமாறிய பேட்டரி, வெள்ளியும் துத்தநாகமும் சேர்ந்தபிறகு இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நான் ஓட்டுப் போட்டால் இதற்குத்தான்.

இன்னும் ஆழம் போனால் போட்டியே கிடையாது. 2025 ஜனவரி, பிப்ரவரியில் எண்ணூரைத் தாண்டி காட்டுப்பள்ளி துறைமுகத்தில் மத்ஸ்யா 6000ஐத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் இறங்குவதற்காகத் திட்டமிட்ட ஆழ்கடல் ஆய்வு வாகனம். அந்த ஆழத்தில் அழுத்தம் 600 மடங்கு. எந்த எஞ்சின் அதை எதிர்த்துப் புகை விடும்? முழுக்க பேட்டரிதான்.

இதையெல்லாம் கேட்டு முடித்த அண்ணன் சாஃப்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அப்ப அடியில போனா பேட்டரி, மேல போனா எஞ்சினு. இவன் படகு மேலதான போவுது?" என்றார். படகுக்காரர் அதற்குள் மனதில் வேறு கணக்குப் போட்டு முடித்திருந்தார். "அதுகூட வேணாண்ணே. அம்மாம் பேட்டரிய வெச்சா ஐஸ் பொட்டிய எங்க வெப்பேன்?"