சுவர் ஈரத்துக்கு யார் பொறுப்பு? புரோட்டிமீட்டர் சர்வேமாஸ்டர் மதிப்புரை

மொட்டை மாடியின் நீர்த்தடுப்புப் பூச்சு விரிசல் விட்டோ, பொதுக் கழிவுநீர்க் குழாய் ஒழுகியோ வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால், குடியிருப்புச் சங்கத்திடமிருந்து வரும் முதல் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "உங்க பாத்ரூம்ல பாருங்க, இல்லன்னா ஜன்னலைத் திறந்து வைங்க." அந்த இடத்தில் கறையின் புகைப்படம் மட்டும் போதாது. ஈரம் எங்கிருந்து தொடங்கி எந்தப் பக்கம் பரவுகிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் புரோட்டிமீட்டர் சர்வேமாஸ்டர் என்ற இந்த ஈரப்பத மீட்டர் நல்ல கருவி, சரியாகப் பயன்படுத்தினால்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், சுவரில் அழுத்தும் இரு ஊசிகளுக்கு இடையிலான மின்தடையை அளக்கிறது. மற்றதில், துளை எதுவும் போடாமல் ரேடியோ அலை மூலம் சுமார் 19 மி.மீ. ஆழம் வரை பார்க்கிறது. முதலில் ஊசியில்லாமல் சுவர் முழுக்கத் தேடிவிட்டு, சந்தேகம் எழும் இடங்களில் மட்டும் ஊசியைக் குத்துங்கள். ஊசி பெயின்ட்டில் சிறு துளை விடும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊசி முறையில் 17-க்குக் கீழே பச்சை, 20-லிருந்து சிவப்பு. ஆனால் அது மரத்தின் ஈரப்பதத்துக்கான விழுக்காடு. செங்கல்லிலோ சிமென்ட் பூச்சிலோ 24 என்று காட்டினால் சுவரில் 24 விழுக்காடு தண்ணீர் இருக்கிறது என்று பொருளில்லை. புகார்க் கடிதத்தில் அப்படி எழுதினால் சங்கத்தின் பொறியாளர் ஒரே வரியில் மறுத்துவிடுவார், கடிதத்தின் மற்ற பகுதியும் வலுவிழக்கும். உப்பு பூத்த பூச்சு, ஈரம் குறைந்த பிறகும் மின்சாரத்தைக் கடத்துவதால் எண் ஏறியே நிற்கும். ஊசியில்லா முறையை இரும்புக் கம்பியும் பூச்சுக்குள் இருக்கும் வலையும் ஏமாற்றும். இது இந்த மாடலின் குறை அல்ல. இவ்வகை மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அதனால் ஒற்றை எண்ணை நம்பாமல் வரைபடம் போடுங்கள். சுவரில் 30 செ.மீ. இடைவெளியில் பென்சிலால் கட்டம் கீறி, ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று முறை அளந்து நடு எண்ணைக் குறியுங்கள். அதே பூச்சும் அதே பெயின்ட்டும் உள்ள உலர்ந்த சுவர் ஒன்றிலும் அளப்பது கட்டாயம், ஒப்பிட அதுதான் அடிப்படை. தேதி, நேரம், அன்று மழை பெய்ததா என்பதையும் சேர்த்து எழுதி, திரையில் உள்ள எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

எண்கள் குழாய்கள் இறங்கும் பாதையை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் அதிகமாக இருந்தால் பொதுக் குழாய் மேல் சந்தேகம் வலுக்கும். கூரையில் தொடங்கி மழைக்குப் பின் ஏறினால் மாடித் தளம். "காற்றோட்டம் இல்லை" என்ற வாதத்தைச் சோதிக்க, சுவருக்குள் செலுத்தி அளக்கும் ஆழ ஊசிகள் உதவும்: மேற்பரப்பில் எண் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருந்தால் குளிர்ந்த சுவரில் படிந்த ஈரம், உள்ளேயும் அதிகம் என்றால் அநேகமாகக் கசிவு. உங்கள் இணைப்பைச் சந்தேகித்தால், இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அது நகராமல் இருந்தால் உங்கள் நீர்வரத்துக் குழாயில் கசிவு இல்லை எனலாம். கழிவுக் குழாயைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மாடித் தளத்துக்கு உறுதியான சோதனை தண்ணீர் தேக்குவதுதான். வடிகாலை அடைத்து 25 முதல் 50 மி.மீ. வரை நிரப்பி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, முன்னும் பின்னும் அதே கட்டங்களை அளக்க வேண்டும். 50 மி.மீ. தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை, ஆகவே தளம் தாங்கும் என்று பொறியாளர் உறுதி சொன்ன பிறகு, சங்கத்தின் எழுத்து அனுமதியோடு மட்டும் செய்யுங்கள்.

சங்கம் வந்து பார்க்கும் முன் பூச்சை உடைக்காதீர்கள், பெயின்ட்டும் அடிக்காதீர்கள். ஆனால் சேதம் பரவாமல் தடுக்கும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். அதற்காகப் பூச்சையோ பலகையையோ அகற்ற நேர்ந்தால், சான்றாக அதில் ஒரு துண்டை எடுத்து வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதே வாரம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பழுது சரிசெய்த பின்பும் மீட்டருக்கு வேலை உண்டு. செங்கல் சுவரில் 25 மி.மீ. தடிமன் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. "சரி பண்ணிட்டோம், அடுத்த வாரம் பெயின்ட்" என்று சங்கம் அவசரப்பட்டால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்த எண்களைக் காட்டி நிறுத்துங்கள். எண்கள் இறங்கி, உலர்ந்த சுவரின் அளவை ஒட்டி நிலைத்த பிறகுதான் பட்டி வைக்க வேண்டும்.

ஒரே ஒரு கசிவுக்காக இதை வாங்க வேண்டியதில்லை, இரவல் கிடைத்தாலே போதும். பல வீடுகளில் சிக்கல் இருந்தால் சேர்ந்து வாங்கி, ஒரே மீட்டரால் எல்லா வீடுகளிலும் அளப்பது மேல். மீட்டர் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.