நிர்வானாவின் நான்கு தட்டுகள்: அந்தப் புகழ் தகுமா?

அமெரிக்க ராக் இசைக்குழுவான நிர்வானா ஸ்டூடியோவில் பதிவு செய்து வெளியிட்ட முழு ஆல்பங்கள் மூன்றே மூன்று. குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் தமது இருபத்தேழாம் வயதில் இறந்தபின், அதே ஆண்டு நவம்பரில் வெளியான ‘எம்டிவி அன்பிளக்ட் இன் நியூயார்க்’ என்ற நேரடிப் பதிவையும் சேர்த்தால் நான்கு தட்டுகள். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் போதும். இவ்வளவு சிறிய கையிருப்பை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் குழு பெற்றுவரும் மதிப்பு நியாயமானதுதானா என்ற வாதம் ராக் இசை கேட்பவர்களிடையே ஓய்ந்தபாடில்லை. ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டிராதவர்கள் குழுவின் சின்னமான, கோணல் சிரிப்புடைய அந்த மஞ்சள் முகம் பதித்த கறுப்புப் பனியனை அணிந்து நடமாடுவதைப் பார்க்கும்போது, புகழ் இசையை விட்டு விலகி எங்கோ போய்விட்டதோ என்ற ஐயம் எனக்கும் எழுந்ததுண்டு. ஆகவே நான்கு தட்டுகளையும் அவை வெளியான வரிசையிலேயே, இரண்டு வார இரவுகளில், ஹெட்ஃபோன் வழியாக மீண்டும் கேட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புகழ் தகும், ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அன்று.

வழக்கமான காரணம் என்னவென்றால், இவர்கள் ராக் இசையைப் புரட்டிப்போட்டார்கள், கிரஞ்ச் என்ற, கரடுமுரடான புதிய கிடார் ஒலியை உலகுக்குத் தந்தார்கள் என்பது. இதில் பாதிக்கு மேல் நிற்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த அபர்தீன் என்னும் சிற்றூரில் 1987இல் கோபேனும் பேஸ் கிடார் கலைஞர் கிறிஸ்ட் நோவோசெலிச்சும் குழு தொடங்கியபோது, அந்த வட்டாரத்திலேயே மெல்வின்ஸ் குழுவினர் கிடாரைத் தாழ்த்திச் சுருதி கூட்டி, ஆமை வேகத்தில், காது அடைக்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோபேன் அவர்களுடைய ரசிகர். சியாட்டில் நகரில் கிரீன் ரிவர், சவுண்ட்கார்டன், மட்ஹனி ஆகிய குழுக்கள் அந்த அழுக்கு ஒலியை நிர்வானாவின் முதல் ஆல்பத்துக்கு முன்பே வடித்துவிட்டன. சரணத்தில் அடக்கி வாசித்துப் பல்லவியில் வெடிப்பது என்ற உத்தியோ பாஸ்டன் நகரத்து பிக்சீஸ் குழுவுடையது. தாம் அவர்களைப் போல எழுத முயன்றதாகக் கோபேனே பின்னாளில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். இன்னொரு சியாட்டில் குழுவான பேர்ல் ஜாமின் முதல் ஆல்பம்கூட, நிர்வானாவின் இரண்டாம் ஆல்பமான ‘நெவர்மைண்ட்’ வெளிவருவதற்கு நான்கு வாரம் முன்பே, 1991 ஆகஸ்டில் கடைக்கு வந்துவிட்டது. ஒலியைக் கண்டுபிடித்தவர்கள் என்ற பட்டத்தை நிர்வானாவுக்குக் கொடுப்பதென்றால் குறைந்தது ஐந்தாறு குழுக்களிடமிருந்து அதைப் பறித்துத்தான் கொடுக்க வேண்டும்.

1989 ஜூனில் சப் பாப் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘ப்ளீச்’ இதற்கு நல்ல சான்று. ஜாக் எண்டினோ பதிவு செய்த இந்த ஆல்பத்துக்கு ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கொடுத்த ஜேசன் எவர்மனின் பெயர் உறையில் கிடார் கலைஞராக அச்சாகியிருக்கிறது. அவர் இதில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை என்பது இந்தத் தட்டைப் பற்றிய மிகச் சுவையான செய்தி என்பேன். இசையோ பெரும்பாலும் மெல்வின்ஸின் நிழல். கனம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, மனத்தில் தங்கும் மெட்டுகள் மட்டும் குறைவு. ‘அபௌட் எ கேர்ள்’ ஒன்றே விலக்கு. பீட்டில்ஸை நாள் முழுதும் கேட்டுவிட்டு எழுதியதாகச் சொல்லப்படும் அந்தச் சிறிய பாடல், சுற்றியுள்ள சேற்றிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. குழு இந்தத் தட்டோடு கலைந்திருந்தால், சியாட்டில் இசை வரலாற்றில் அவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்திருக்கும், அவ்வளவே.

1990இன் பிற்பகுதியில் டேவ் குரோல் டிரம்ஸ் வாசிக்க வந்ததும் எல்லாம் மாறியது. 1991 மே, ஜூன் மாதங்களில் லாஸ் ஏஞ்சலிஸின் வான் நைஸ் பகுதியில் இருந்த சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் புட்ச் விக் மேற்பார்வையில் ‘நெவர்மைண்ட்’ பதிவானது. அந்த ஸ்டூடியோவின் பெரிய கூடம் டிரம்ஸ் ஒலிக்கென்றே பெயர் பெற்றது. குரோலின் அடியை அங்கே கேட்பது ஒரு தனி இன்பம். முதல் பாடலான ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’டின் தொடக்கத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற டிரம்ஸ் அடியைத் தாம் டிஸ்கோ, ஃபங்க் இசைக்குழுக்களிடமிருந்து எடுத்துக்கொண்டதாகக் குரோல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால், இவ்வளவு சினமான பாட்டுக்குக் கால் ஏன் தானாகத் தாளம் போடுகிறது என்பது விளங்கும்.

இந்த ஆல்பத்தின் மெட்டுகளைத் தனியே பிரித்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான் என் எண்ணம் உறுதிப்பட்டது. ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாடலின் நடுவே வரும் கிடார் தனியாவர்த்தனத்தை எடுத்துக்கொள்வோம். எண்பதுகளின் ராக் கிடார் கலைஞர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் விரல் வேகத்தைக் காட்டியிருப்பார். கோபேன் வாசிப்பது சரணத்தில் தாம் பாடிய மெட்டையேதான், ஏறக்குறைய சுரத்துக்குச் சுரம். ‘கம் ஆஸ் யூ ஆர்’ பாடலிலும் அப்படியே. கிடார் திறமை போதாமல் செய்தார் என்று சொல்வோர் உண்டு. போதாமையாகவே இருந்தாலும், தம் கையில் உள்ள சிறந்த பொருள் மெட்டு ஒன்றுதான் என்பதை அவர் அறிந்திருந்தார். ‘லித்தியம்’ பாடலின் பல்லவியில் சொல்லே கிடையாது. ‘யே’ என்ற ஓர் அசையை மட்டும் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பாடுகிறார். ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்கில் அந்த ஓரசையைக் கூட்டம் முழுவதும் பாட முடிகிறதென்றால், அங்கே வேலை செய்வது சொல்லின் பொருளன்று.

பாடல் வரிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். கோபேனை ஒரு தலைமுறையின் கவிஞர் என்று கொண்டாடும் வழக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பல பாடல்களின் வரிகள் பதிவுக்குச் சற்று முன்னர் எழுதி முடிக்கப்பட்டவை, அது கேட்டாலே தெரிகிறது. படிமங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன. விதிவிலக்கு ‘பாலி’. 1987இல் டகோமா நகரில் ஒரு சிறுமி கடத்தப்பட்ட உண்மை நிகழ்வை, கடத்தியவனின் குரலில், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் சொல்லும் அந்தப் பாடலில் ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் இருக்கிறது. அவர் கவனம் வைத்தபோது என்ன எழுத முடிந்தது என்பதற்கு இது அளவுகோல்.

‘நெவர்மைண்ட்’ மீது எப்போதும் வைக்கப்படும் குற்றச்சாட்டு, அது மிகையாக மெருகேற்றப்பட்டது என்பது. கோபேனே பிற்காலத்தில் அந்த மெருகைப் பற்றிச் சலித்துக்கொண்டார். இதைச் சோதித்துப் பார்க்க இன்று ஒரு வழி இருக்கிறது. ஆல்பத்தின் இருபதாம் ஆண்டையொட்டி 2011இல் வெளியான பெரிய பெட்டித் தொகுப்பில், ஆண்டி வாலஸ் இறுதி ஒலிக்கலவை (தனித்தனியே பதிந்த குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்ப்பது) செய்வதற்கு முன்பு விக் தாமே செய்திருந்த கலவைகளும் இடம்பெற்றன. இரண்டையும் பாடல் பாடலாக மாற்றி மாற்றிக் கேட்டேன். விக்கின் கலவை வறண்டது, நெருக்கமானது. ஒரு சிறிய அறையில் குழுவின் எதிரே அமர்ந்திருப்பது போன்ற உணர்வைத் தருகிறது. வாலஸின் கலவையில் டிரம்ஸ் அகன்று எதிரொலிக்கிறது, குரல் முன்னே வந்து நிற்கிறது. பழையதே உண்மையானது என்று சொல்ல ஆசையாக இருந்தாலும், ‘இன் ப்ளூம்’ பாடலின் பல்லவி வாலஸின் கையில்தான் வானத்தைத் தொடுகிறது என்பதை மறுக்க முடியவில்லை. குரலை இருமுறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கக் கோபேன் மறுத்தபோது, ஜான் லெனன் அப்படித்தான் செய்தார் என்று சொல்லி விக் அவரை இணங்கவைத்தாராம். அந்தச் சிறு தந்திரத்துக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

குறையில்லாத ஆல்பம் என்று சொல்லமாட்டேன். ‘ஸ்டே அவே’ வெறும் இட்டு நிரப்பல். ‘கம் ஆஸ் யூ ஆர்’ பாடலின் கிடார் வரி, கில்லிங் ஜோக் குழு 1984இல் வெளியிட்ட ‘எய்ட்டீஸ்’ பாடலை அப்பட்டமாக நினைவூட்டுகிறது. முதல் பாடலோ எத்தனையோ ஆண்டுகளாக எங்கும் ஒலித்து ஒலித்துத் தேய்ந்துவிட்டது. அதை முதன்முறை கேட்பவரின் காதைக் கடனாகப் பெற முடிந்தால் நன்றாயிருக்கும். வெளியானபோது அமெரிக்காவில் சுமார் 46,000 பிரதிகளே அனுப்பப்பட்ட இந்தத் தட்டு, 1992 ஜனவரி 11ஆம் தேதியிட்ட பில்போர்டு இதழின் அமெரிக்க ஆல்பப் பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. இந்தச் செய்தியை ஒவ்வொரு கட்டுரையும் வெற்றிக்கொடி போல ஏற்றுகிறது. அது சந்தை செய்த அதிசயம். இசையின் தரத்துக்கு அதைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை.

என் கணிப்பில் இக்குழுவின் மிகச் சிறந்த படைப்பு 1993 செப்டம்பரில் வந்த ‘இன் யூட்டரோ’. மினசோட்டா மாநிலத்தின் கேனன் ஃபால்ஸ் என்ற ஊரில் உள்ள பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில், பிப்ரவரிக் குளிரில், இரண்டே வாரங்களில் ஸ்டீவ் அல்பினி இதைப் பதிவு செய்தார். விற்பனையில் பங்கு வாங்குவது முறையன்று என்று மறுத்து, குழாய் பழுதுபார்ப்பவருக்குக் கொடுப்பதுபோல் வேலைக்கான கூலியை மட்டும் கொடுத்தால் போதும் என்று குழுவுக்குக் கடிதம் எழுதியவர் அவர். ஒலிவாங்கிகளை அறை முழுதும் பரப்பி, அறையின் காற்றையும் சேர்த்துப் பிடிக்கும் அவருடைய முறையில், ‘சென்ட்லெஸ் அப்ரண்டிஸ்’ பாடலின் டிரம்ஸ் பக்கத்து அறையில் சுவரை இடிப்பதுபோல் கேட்கிறது. இந்த இரைச்சலுக்கு நடுவே ‘டம்ப்’, ‘ஆல் அபாலஜீஸ்’, ‘பென்னிராயல் டீ’ என்று மூன்று மெட்டுகள் எந்தக் காலத்திலும் எந்தக் குரலிலும் பாடக்கூடியவையாக அமைந்திருக்கின்றன. ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ ஆகிய இரண்டை மட்டும் ஸ்காட் லிட் மறுகலவை செய்தார். அல்பினியின் மூலக் கலவைகள் 2013 பதிப்பில் கிடைக்கின்றன. கேட்டுப் பார்த்ததில், முதலாவதற்கு லிட் செய்த மாற்றம் நன்மையே என்று தோன்றியது. ‘டூரெட்ஸ்’ என்ற பாடலை நான் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம்.

மெட்டுதான் சாரம் என்ற என் வாதத்துக்கு இறுதிச் சோதனை ‘அன்பிளக்ட்’. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் பதிவான இந்நிகழ்ச்சியில் தங்கள் மிகப் பெரிய வெற்றிப் பாடலான ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’டை அவர்கள் பாடவேயில்லை. பதினான்கில் ஆறு பாடல்கள் பிறருடையவை. அவற்றிலும் மூன்று, அதிகம் பேர் அறியாத மீட் பப்பெட்ஸ் குழுவின் பாடல்கள். புகழின் உச்சியில் நிற்கும் ஒருவர் தொலைக்காட்சியில் கிடைத்த ஒரு மணி நேரத்தை மற்றவர்களின் பாடல்களுக்காகச் செலவிட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குரோல் தம் கையை அடக்கி மெல்ல வாசிக்கிறார். லோரி கோல்ட்ஸ்டனின் செல்லோ பின்னால் இழைகிறது. ‘பென்னிராயல் டீ’ பாடலைக் கோபேன் தன்னந்தனியே பாடும்போது குரல் ஓரிரு இடங்களில் தடுமாறுகிறது, மெட்டு தடுமாறவில்லை. பெருக்கிகளின் இரைச்சல், கூச்சல், டிரம்ஸின் இடி எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகும் பாட்டு தன் காலில் நிற்கிறது. லில்லி மலர்களும் கறுப்பு மெழுகுவத்திகளும் சூழ்ந்த அந்த மேடையை இறுதிச்சடங்கின் முன்னறிவிப்பாகக் காணும் பழக்கம் அவர் இறந்த பிறகு வந்தது. அதை மறந்துவிட்டுக் கேட்பதே இந்தத் தட்டுக்குச் செய்யும் நியாயம்.

இளவயது மரணம்தான் இந்தப் புகழின் மூலகாரணம் என்பார்க்கு ஒன்று சொல்லலாம். மற்றொரு சியாட்டில் குழுவான ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி 2002இலும், சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னெல் 2017இலும் துயரமாகவே மறைந்தார்கள். இருவரும் கோபேனைவிடத் தேர்ந்த பாடகர்கள். சவுண்ட்கார்டனின் தாளக் கணக்குகளுக்கு நிர்வானா அருகிலேயே வரமுடியாது. ஆயினும் 2022இல் ‘தி பேட்மேன்’ திரைப்படத்தில் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தின் ‘சம்திங் இன் த வே’ ஒலித்தபோது, 1991இல் பிறந்தே இராத ஏராளமானோர் அதைத் தேடிக் கேட்டு மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏற்றினார்கள். ஸ்டூடியோவின் கட்டுப்பாட்டு அறைச் சோபாவில் படுத்தபடி, கிசுகிசுப்பதைப் போலக் கோபேன் பாடிய பாடல் அது. அதைப் பிடித்துக்கொள்ள அந்தக் கேட்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கைக் கதை தேவைப்படவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: ‘நெவர்மைண்ட்’ சாதாரணப் பதிப்பே போதும். 2021இல் வந்த முப்பதாம் ஆண்டுப் பெட்டியில் ஆம்ஸ்டர்டாம், டெல் மார், மெல்போர்ன், டோக்கியோ என்று நான்கு கச்சேரிகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஒரே பாடல்களை நான்கு முறை கேட்கும் பொறுமை உள்ளவர்களுக்கே அது உகந்தது. ஒலிக்கலவையில் ஆர்வம் உள்ளவர்கள் 2011 பெட்டியைத் தேடிப்பிடிக்கலாம். கோபேன் வீட்டில் தமக்காகப் பதிந்துவைத்த துண்டு துணுக்குகளைத் திரட்டி 2015இல் வெளியிட்ட தொகுப்பை வாங்கவேண்டாம். ஒருவரின் கைக்குறிப்பேட்டைத் திறந்து படித்ததுபோன்ற கூச்சமே மிஞ்சியது. புதிதாகத் தொடங்குகிறவர் நான் கேட்ட வரிசையில் கேட்கவேண்டாம் என்பேன். ‘அன்பிளக்ட்’ முதலில், அதன்பின் ‘இன் யூட்டரோ’, பிறகு ‘நெவர்மைண்ட்’. ‘ப்ளீச்’ தட்டை எப்போதாவது மலிவு விலையில் கண்ணில் பட்டால் வாங்கிக்கொள்ளலாம்.