இரட்டை இன்ஜின் படகு: மீட்டருக்கு மின்சாரம் சாவியிலிருந்தா, தனி சுவிட்சிலிருந்தா?

இன்ஜினின் வேகம், சூடு போன்றவற்றைக் காட்டும் மீட்டர், இன்ஜினுக்கு ஒன்று என்றால் குழப்பமில்லை. அதனதன் சாவியோடு இணைத்துவிடலாம். இரு இன்ஜின்களையும் ஒரே திரையில் காட்டும் மின்னணு மீட்டர்தான் சிக்கல். இரு சாவிகளின் இக்னிஷன் வயர்களையும் சேர்த்து முறுக்கிவிடக் கூடவே கூடாது. ஒரு சாவியின் மின்சாரம் அடுத்த இன்ஜினுக்குள்ளும் பாயும்; பிறகு அதன் சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காமல் ஓடலாம்.

சாவி வழியேதான் வேண்டுமென்றால், ஒவ்வொரு வயரிலும் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) போட வேண்டும். எந்தச் சாவியைத் திருப்பினாலும் திரை ஒளிரும். அணைக்க மறக்கும் பேச்சே இல்லை. ஆனால் சிலிக்கான் டயோடு சுமார் 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி ஏற்கெனவே தள்ளாடும். திரை அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எரிச்சலான விஷயம்.

ஸ்டார்ட்டரோடு சம்பந்தமில்லாத பேட்டரியிலிருந்து ஃபியூஸ், தனி சுவிட்ச் வழியாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. படகின் மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 கேபிளுக்கும் பெரும்பாலும் இதுவே வழி. என் ஓட்டும் இதற்குத்தான். சுவிட்சை அணைக்க மறந்தால் பேட்டரி வடியும். அதனால் சுவிட்சில் சிவப்பு விளக்கு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.